மாப்பிள்ளையை அறையில் பூட்டியது குறித்துச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்றைய பத்திரிகையைப் பார்த்த பிறகும் நலமாக இருந்தால் இன்னும் மகிழ்ச்சி. இங்கே நான், என் மனைவி, உங்கள் மருமகள் எல்லோரும் சுகம். உங்கள் மகனும் சுகம்தான். இடது கணுக்கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அதற்கு நான் காரணமில்லை, அதாவது முழுக்க முழுக்க நான் காரணமில்லை. "விமான நிலையத்தில் அதிகாரி சிறைவைப்பு, மாமனார் தலைமை" என்று போட்டிருக்கிறார்களே, அதில் விமான நிலையம் சரி, அதிகாரி சரி, மாமனாரும் சரி. மிச்சத்தை நான்தான் விளக்க வேண்டும். நீங்கள் முப்பது வருஷம் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவுக்கு வரமாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கல்யாணம் பேசிய காலத்தில் உங்கள் மகன் வெளிநாடுகளுக்குப் பறக்கும் கம்பெனியில் அதிகாரி, நான் உள்நாட்டுக்குள் பறக்கும் கம்பெனியில் மெக்கானிக்குகளின் ஃபோர்மேன். இரண்டும் அரசாங்கத்துடையவை என்றாலும், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி இருந்தோம். போன வருஷம் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். விமானத்தின் வாலில் புதுச் சின்னம் வரைந்ததோடு இணைப்பு முடிந்தது என்று மேலே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கீழே ஹேங்கரில் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. எங்கள் வழக்கம், விமானம் வந்து நின்றால் யார் கை சும்மா இருக்கிறதோ அவன் ஸ்பேனரை எடுப்பான், காகிதமெல்லாம் பிறகு. அவர்களுக்கு முதலில் காகிதம், அப்புறம் கையுறை, அப்புறம் ஒரு கையெழுத்து, அதற்கும் அப்புறம்தான் போல்ட். நாங்கள் நாற்பது நிமிடத்தில் விமானத்தையே கிளப்பிவிடுவோம், அவர்களுக்கு டை கட்டவே நாற்பது நிமிடம். அவர்கள் எங்களை "பஸ் ஸ்டாண்டு" என்றார்கள். நாங்கள் அவர்களை "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க" என்றோம். மன்னிக்கவும், அது பொதுப்பெயர், உங்களைக் குறிப்பதல்ல. கடைசியில் எங்களுக்கு அவர்களுடைய கெடுபிடி வந்து சேர்ந்தது, அவர்களுக்கு எங்களுடைய கேன்டீன் போய்ச் சேர்ந்தது. இரண்டு பக்கமும் வயிற்றெரிச்சல்.

இந்த நேரம் பார்த்து எங்கள் ஹேங்கருக்கு மேலதிகாரியாக யாரைப் போட்டார்கள் என்றால், உங்கள் மகனை. வீட்டில் அவர் வந்தால் என் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். ஹேங்கரில் அவர் வந்தால் நான் எழுந்து நின்று "சார்" என்பேன். அவரோ எழுபது பேர் நடுவில் "மாமா, அந்த இரண்டாம் நம்பர் எஞ்சின் என்னாச்சு?" என்பார். எழுபது பேரும் சிரிப்பார்கள். அன்றிலிருந்து எங்கள் மெக்கானிக்குகள் எல்லோரும் என்னை "மாமா" என்றே கூப்பிடுகிறார்கள், என்னைவிட வயதில் மூத்தவர்கள்கூட.

போன திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் பணிமூப்புப் பட்டியல் ஒட்டினார்கள். இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்த நான் நூற்றுப்பதினான்காவது ஆள். அவர்கள் பக்கத்தில் பன்னிரண்டு வருஷம் பார்த்தவன் முப்பத்தாறாவது. அடியில் உங்கள் மகனின் கையெழுத்து, அழகாக, வளைத்து வளைத்து. நான் துணைச்செயலாளராக இருந்த எங்கள் சங்கத்தின் கூட்டம் கொதித்துப் போயிற்று. எங்கள் செயலாளரை "மைக்" என்று சொல்வோம், மைக் இல்லாமல் சாப்பாடுகூடக் கேட்கமாட்டார். அதிகாரியை அறையைவிட்டு நகரவிடாமல் மறிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, துணைச்செயலாளர் தன் மருமகன் என்று பின்வாங்குவாரோ என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது, சம்பந்தி. மனுவை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், நான் உள்ளே நுழைந்ததும் கதவைப் பூட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்தில் ஒன்றை யோசிக்கவில்லை. நான் நுழைந்தேன், அவர்கள் பூட்டினார்கள். நானும் உள்ளே.

காலை ஒன்பது மணிக்குப் பூட்டியது. வெளியே எனக்கு ஜே, உங்கள் மகனுக்கு ஒழிக. உள்ளே மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். பத்து மணிக்கு உங்கள் மருமகள் ஃபோன் செய்து கணவனிடம், "எங்கப்பா உங்களைப் பூட்டிட்டாராமே, அவர் எங்க?" என்று கேட்டாள். "எதிர்ல உக்காந்திருக்காரு" என்றார். அவள் என்னிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்லி ஐந்து நிமிடம் பேசினாள். அதை இங்கே எழுத முடியாது. மதியம் என் டிபன் பாக்ஸ் வெளியே மாட்டிக்கொண்டது, உங்கள் மகன் தன்னுடையதில் பாதியை மூடியில் வைத்துத் தள்ளினார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "மாமா, அந்த லிஸ்ட் நான் போட்டதில்ல. மேலேர்ந்து வந்துச்சு. தப்பா இருக்குன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பினேன். மூணாவது தடவை கையெழுத்துப் போட வச்சுட்டாங்க."

"அப்ப இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? கோஷம்தான போட்டீங்க."

எனக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் பாட்டிலையும் அவர்தான் நகர்த்தினார்.

மூன்றரை மணிக்கு நான் ஜன்னலோரம் போய் நின்றேன். கீழே நூற்றைம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஒரு விமானம் கிளம்பத் தயாராக இருந்தது, டிராக்டர் பின்னால் தள்ள ஆரம்பித்திருந்தது. தரையில் நிற்கும்போது சக்கரக் கால் மடங்கிவிடாமல் இருக்க ஒரு பூட்டு ஊசி செருகுவோம், கண்ணில் படட்டும் என்று அதில் சிவப்புப் பட்டை தொங்கும். பறக்கும் முன் அதை உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே போனபிறகு சக்கரம் உள்ளே போகாது. அந்தச் சிவப்புப் பட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அது அவர்கள் வேலை என்று எங்கள் ஆள் விட்டிருக்கிறான், அது எங்கள் வேலை என்று அவர்கள் ஆள் விட்டிருக்கிறான். உங்கள் மகன் கட்டுப்பாட்டு அறைக்கு ஃபோன் போட்டார். எந்தக் கம்பெனி, பழைய உள்நாடா பழைய வெளிநாடா என்று கேட்டு லைனில் காத்திருக்கச் சொன்னார்கள். நான் கதவை இடித்து "சிவப்புப் பட்டை! எடுக்கவில்லை!" என்று கத்தினேன். வெளியே மைக் அதைக் கோஷம் என்று நினைத்து "சிவப்புப் பட்டை!" என்று எடுத்துக் கொடுக்க, எழுபது பேரும் "எடுக்கவில்லை!" என்று ராகத்தோடு திருப்பிச் சொன்னார்கள்.

உங்கள் மகன் ஃபோனை வைத்தார். ஷூவைக் கழற்றினார். ஜன்னல் வழியாகக் கீழே இருந்த தகரக் கூரையில் இறங்கி, அங்கிருந்து குதித்தார். கணுக்கால் அப்போது பிசகியதுதான். பின்னாலேயே நானும் குதித்தேன், எனக்கு ஐம்பத்தேழு வயது. அவர் நொண்டிக்கொண்டு ஓடுகிறார், நான் அவர் தோளைத் தாங்கிக்கொண்டு ஓடுகிறேன், டிராக்டர் ஓட்டுபவரின் கண்ணெதிரே போய் நின்று, நிறுத்து என்ற சைகையாக இரண்டு பேரும் கைகளைத் தலைக்கு மேல் குறுக்கே வைத்தோம். நின்றது, சம்பந்தி. விமானம் நின்றது. குனிந்து ஊசியை உருவியது உங்கள் மகன். அதை விமானிக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்தது நான். ஜன்னல்களில் வரிசையாக முகங்கள். ஒரு குழந்தை எங்களுக்கு டாட்டா காட்டியது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு யாரும் கோஷம் போடவில்லை. இரண்டு சங்கத்து ஆட்களும் ஹேங்கர் தரையிலேயே உட்கார்ந்து, எந்த வேலை யாருடையது என்று ஒரே காகிதத்தில் எழுதினோம். உங்கள் மகன் அந்தப் பட்டியலைப் பலகையிலிருந்து கிழித்துவிட்டு, சரியான பட்டியல் வரும்வரை இனி எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எல்லோர் முன்னும் சொன்னார். இணைப்பு என்பது அன்று மாலைதான் நடந்தது. நான் துணைச்செயலாளர் பதவியை ராஜினாமா செய்துவிட்டேன். இனி என் வாயிலிருந்து ஒரு கோஷம் வராது, எந்த வேலைநிறுத்தத்திலும் தலைகாட்டமாட்டேன் என்று உங்களுக்கும் வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் மகனை மருமகனாக அடைந்ததற்கு நான் கொடுத்துவைத்தவன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும் என் மனைவியின் விசாரிப்புகளையும் சொல்லவும். வீட்டில் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் நிம்மதியோடும் இருக்க மனதார வேண்டும்,

தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளை ஃபோன் செய்தார். இணைத்தது ஒத்துவரவில்லை என்று இரண்டு கம்பெனிகளையும் மறுபடி பிரிக்கப் போகிறார்களாம். அதில் அவரை உள்நாட்டுப் பக்கமும் என்னை வெளிநாட்டுப் பக்கமும் போட்டிருக்கிறார்கள். பிரிக்கக் கூடாது என்று இரண்டு சங்கமும் சேர்ந்து நாளை காலை முதல் வேலைநிறுத்தம். ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதிகாரிகள் தரப்பில் மாப்பிள்ளை தலைமை தாங்குகிறார், கோஷங்களையும் அவரே எழுதித் தந்திருக்கிறார். எதுகை மோனை எல்லாம் சுத்தமாக விழுந்திருக்கிறது. உங்கள் வளர்ப்பு.