பதினோரு தளங்களும் ஒரு பட்டியல்காரரும்

மனிதர்களில் பட்டியல்காரர் என்று ஒரு வகை உண்டு. ஒரு பொருள் வாங்க வேண்டும் என்று தோன்றிய நிமிடத்திலிருந்து ஆராய்ச்சி தொடங்கிவிடும். அது உலகத்தில் எத்தனை விதமாகக் கிடைக்கிறது, எது எத்தனை வருஷம் உழைக்கும், வாங்கியவர்களில் யார் யார் தலையில் அடித்துக்கொண்டார்கள் என்பதையெல்லாம் கட்டம் போட்டு எழுதிவைப்பார். அக்கம்பக்கத்தில் யாருக்கு அந்தப் பொருள் தேவைப்பட்டாலும் அவரிடம்தான் யோசனைக்கு வருவார்கள். அவர் வீட்டில் மட்டும் அந்தப் பொருள் இருக்காது.

நான் சொல்லப்போகிறவர் அந்த வகையில் முற்றிப் பழுத்தவர். மென்பொருள் எழுதுவது தொழில். ஒரே கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, இனி யார் முன்னும் கைகட்டி நிற்பதில்லை, வீட்டிலிருந்தபடியே சொந்தமாக வேலை எடுத்துச் செய்வது என்று முடிவு கட்டி, எல்லோருக்கும் கை கொடுத்து விடைபெற்று வந்தார். இந்த ஒரு முடிவை அவர் எப்படிச் சட்டென்று எடுத்தார் என்பது அவருக்கே இன்றுவரை விளங்கவில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கென்றே இணையத்தில் தளங்கள் இருக்கின்றன. வேலை ஆக வேண்டியவர் அங்கே வந்து விவரத்தை எழுதிப் போடுவார். வேலை தெரிந்தவர்கள் "நான் செய்து தருகிறேன்" என்று விண்ணப்பிப்பார்கள். பிடித்தவருக்கு வேலை கிடைக்கும். முடிந்ததும் கொடுத்தவர் நட்சத்திரம் போடுவார். தளம் தன் கமிஷனை எடுத்துக்கொள்ளும். விஷயம் இவ்வளவுதான். ஏதாவது ஒன்றில் பெயரைப் பதிந்துகொள்ளப் பத்து நிமிஷம் ஆகும். நம்மவர் எட்டாவது மாதத்தில் இருந்தார்.

சும்மா இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் குளித்து, தேய்த்த சட்டை போட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்துவிடுவார். பதினோரு தளங்கள், முப்பத்து நான்கு கட்டங்கள். எந்தத் தளத்தில் கமிஷன் குறைவு, எதில் போட்டி அதிகம், எதில் புகார் கொடுத்தால் பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்று முன்பின் தெரியாத மனிதர்கள் எழுதிவைத்த புலம்பல்களையெல்லாம் படித்துப் படித்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டுவார். ஒரு தளம் உள்ளே விடுவதற்குமுன் பரீட்சை வைத்தது. ஒன்பது வருஷம் வேலை பார்த்தவனுக்குப் பரீட்சையா என்று அதற்குச் சிவப்பு. இன்னொரு தளம் பரீட்சையே வைக்கவில்லை. கண்டவனெல்லாம் நுழைகிற இடத்தில் நமக்கென்ன மரியாதை என்று அதற்கும் சிவப்பு. பழைய தளத்தில் கூட்டம் நெரிகிறது. புதிய தளம் நாளைக்கு இருக்குமா?

சேர்ந்தாயிற்றா என்று யாராவது கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான். "பார்த்துக்கிட்டிருக்கேன்."

அவருடைய மனைவி ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவர். ஆறு மாசம் நான் சமாளித்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். ஏழாவது மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போகத் தொடங்கினார். எதுவும் சொல்லவில்லை. ஊசி குத்துகிறவர்களுக்கு அதிகம் பேசாமலிருக்கும் பழக்கம் உண்டு.

இதற்குள் பட்டியலின் புகழ் பரவிவிட்டது. பழைய ஆபீஸில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த பெண் ஒருநாள் போன் செய்தாள். தானும் வேலையை விட்டுவிடலாமென்று இருப்பதாகச் சொல்லி, எந்தத் தளம் நல்லதென்று கேட்டாள். இவர் ஒன்றே கால் மணி நேரம் விளக்கி, உனக்கு ஐந்தாவது தளம்தான் பொருத்தம் என்றார். அவள் அன்றே சேர்ந்தாள். அந்த வாரமே வேலை கிடைத்தது. நன்றி சொல்லத் திரும்பப் போன் செய்தபோது இவருக்கு உண்மையாகவே சந்தோஷம். பொறாமை என்பது அவரிடம் துளியும் கிடையாது. அவர் சொன்ன யோசனை யாருக்கும் பொய்த்ததில்லை. அவரும் அதைக் கேட்டிருந்தால் அவருக்கும் பலித்திருக்கும்.

மனைவியின் அண்ணன் லாரி கம்பெனி நடத்துகிறவர், எதையும் சுற்றி வளைக்காதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். தங்கை வேலைக்குப் போயிருப்பதைக் கண்டார். மேஜைமேல் விரிந்திருந்த பச்சை மஞ்சள் சிவப்பையும் கண்டார்.

"நம்ம ஆபீஸ்ல கம்ப்யூட்டரைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க மாப்பிள்ளை."

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என்றால் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவுவது என்று இவருக்குத் தெரியும். போகிற வருகிற டிரைவர்கள் முன்னால் மச்சான் தோளில் தட்டிச் சிரிப்பதும் அந்த வேலையில் அடக்கம். ஆனாலும் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. பட்டியல்காரர்களுக்கு ஐந்து நாள் என்பது ஒரு யுகம்.

திங்கட்கிழமை மாடிப்படியில் கீழ்வீட்டுப் பல் டாக்டர் அவரை நிறுத்தினார். ஐந்து மணிக்கு வரச் சொன்ன ஆறு பேர் ஒன்றாக வந்து சண்டை போட்டுக்கொள்கிறார்கள். நேரம் குறித்துக் கொடுக்க ஏதாவது மென்பொருள் செய்ய முடியுமா என்று கேட்டார். வேறொருவராக இருந்தால் இந்தக் கேள்வியில் ஒரு வேலை இருப்பது காதில் விழுந்திருக்கும். இவர் காதில் விழுந்தது, டாக்டருக்கு ஒரு தளம் தேவைப்படுகிறது என்பதுதான்.

மாலையில் பட்டியலோடு கீழே இறங்கிப் போனார். டாக்டர் ஒருவருடைய கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். இவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பதினோரு தளங்களையும் வரிசையாக விளக்கினார். வேலை கொடுக்கிறவர்களுக்கு எது வசதி, விண்ணப்பங்களில் போலியைக் கண்டுபிடிப்பது எப்படி, எத்தனை நட்சத்திரத்துக்குக் கீழே இருந்தால் தொடக்கூடாது. வாயில் பஞ்சுடன் நாற்காலியில் சாய்ந்திருந்தவரும் முழுவதையும் கேட்டார். அவரால் எழுந்து போக முடியாது. கடைசியில் இவரே டாக்டருடைய போனில் அந்த ஐந்தாவது தளத்தைத் திறந்து, வேலை விவரத்தைப் பிசிறில்லாமல் எழுதிப் போட்டுக் கொடுத்துவிட்டு மாடியேறினார்.

புதன்கிழமை மாலை அவருடைய மனைவி வீட்டுக்கு வரும்போது டாக்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லணும். நல்ல ஆளா கிடைச்சுட்டாங்க. அவர்கூட ஒண்ணா வேலை பார்த்தவங்களாம். முதல்ல நான் அவரையே கேட்கலாம்னுதான் வந்தேன். அவருக்கு ஏகப்பட்ட வேலை போலிருக்கு."

மனைவி கைப்பையோடு மேலே வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, அந்தப் பட்டியலைக் காட்டச் சொன்னார். எட்டு மாதத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. இவர் பெருமையோடு திரையைத் திருப்பி வைத்தார். மனைவி ஒரு கட்டம் விடாமல் படித்தார். ரத்தப் பரிசோதனை முடிவைப் படிக்கிற முகம்.

"நல்லா செஞ்சிருக்கீங்க," என்றார். "இப்ப சொல்லுங்க. எதுக்குப் பயப்படறீங்க?"

இவர் கமிஷன் விகிதத்தைப் பற்றி ஏதோ தொடங்கினார். மனைவி காத்திருந்தார். போட்டியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். மனைவி அப்போதும் காத்திருந்தார். பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி, இவர் மெதுவாகச் சொன்னார்.

"எதுல சேர்ந்தாலும் என் பேருக்குக் கீழ ஒரு வரி வரும். முடித்த வேலைகள், பூஜ்யம். ஒன்பது வருஷம் பார்த்தது எதுவும் அதுல வராது. யாரோ தெரியாதவன் அதைப் பார்த்துட்டு, அடுத்த ஆளைப் பார்க்கப் போயிடுவான்."

மனைவி அவரைத் தேற்றவில்லை. முந்தின நாள் ஒரு பெரியவர் கையில் மூன்று தடவை ஊசி குத்தியும் தனக்கு நரம்பு கிடைக்கவில்லை என்று சொன்னார். நாலாவது தடவை கிடைத்ததா என்று இவர் கேட்டார். இல்லை, அந்தப் பெரியவர் திட்டிவிட்டு வேறொருவரிடம் போய்விட்டார் என்றார் மனைவி. அவருக்கு அடுத்து வந்தவரிடம் கிடைத்ததாம்.

பிறகு பட்டியலை இன்னொரு முறை பார்த்து, பதினொன்றில் பெயர் மிகச் சின்னதாக இருந்த தளத்தைத் தொட்டு, "இதுல சேருங்க," என்றார். எந்த அடிப்படையில் என்று இவர் கேட்டார். "டைப் அடிக்கச் சுலபம்."

எட்டு நிமிஷத்தில் பதிவு முடிந்தது. பெயருக்குக் கீழே அந்தப் பூஜ்யம் வந்தது. இவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அது ஒன்றும் செய்யவில்லை.

வியாழக்கிழமை நான்கு விண்ணப்பம் அனுப்பினார். மூன்று பேர் பதில் போடவில்லை. ஒருவர் மட்டும் அனுபவமுள்ள ஆளைத் தேடுவதாக எழுதினார். அதைப் படித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து ஐந்தாவது விண்ணப்பத்தை அனுப்பினார். அது ஒரு நீச்சல் பள்ளிக்கு. அவர்களுடைய வகுப்பு நேரப் பக்கம் போனில் திறந்தால் வெறுமையாக வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வேலையைக் கொடுத்தார்கள், மதியத்துக்குள் முடித்தார். நான்கு நட்சத்திரம் வந்தது, கூடவே ஒரு வரி: வேலை சுத்தம், விளக்கம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

அன்று சாயங்காலம் மச்சானே போன் செய்தார். இவர் தயங்காமல், வரவில்லை, வேலை கிடைத்துவிட்டது என்றார்.

"சந்தோஷம் மாப்பிள்ளை. எங்க கம்பெனிக்கும் லாரி எங்க போகுதுன்னு பார்க்க ஒண்ணு செய்யணும். அதுக்கு ஆள் எந்தத் தளத்துல கிடைப்பாங்க?"

ஐந்தாவது தளம் என்று சொல்ல நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது. எதிரே மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"தளமெல்லாம் வேணாம் மச்சான்," என்றார். "நானே செய்யறேன்."

துணி மடிக்கிற சத்தம் மறுபடி தொடங்கியது.

அவர் திருந்திவிட்டார் என்று நான் சொல்லவில்லை. நாளெல்லாம் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு முதுகு வலிக்காத நாற்காலி எது என்று புதிதாக ஓர் அட்டவணை திறந்திருப்பதாகக் கேள்வி. நேற்றுவரை பதினேழு நாற்காலிகள் சேர்ந்திருக்கின்றன.

இந்த வகையில் நீங்கள் கிடையாது என்பது எனக்குத் தெரியும். சொல்லப்போனால், உங்களுக்கு இன்றைக்கென்று ஒரு வேலை இருக்கிறது. அதைத் தொடங்கத்தான் உட்கார்ந்தீர்கள். தொடங்குவதற்குமுன் எதையாவது கொஞ்சம் படிக்கலாமே என்று இதை எடுத்தீர்கள். அவ்வளவுதானே? என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டால், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வீர்கள்.