மேற்படி சிவப்புக் கார்

ஏற்காடு மலையில் வீடு கட்டுகிறவர்கள் யாரும் என் கையில் சிக்காமல் தப்பியதில்லை. பஸ் நிலையத்துக்கு அருகில், பேக்கரிக்கு மேல்மாடியில் என் அலுவலகம். 'வெங்கடேஷ் வீட்டு வடிவமைப்பகம். வரைந்தது வரைந்தபடி' என்று பலகை மாட்டியிருக்கிறேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை நானே யோசித்து எழுதினேன். வேறு யாராவது எழுதியிருந்தால் அவர்மேல் பழி போட்டிருக்கலாம்.

வீடு வரைவதற்குக் கணினியில் ஒரு மென்பொருள் வைத்திருக்கிறேன். ஆனால் புது வீட்டைப் புதிதாக வரைகிற கெட்ட பழக்கம் எனக்குக் கிடையாது. முந்தைய வீட்டைத் திறப்பேன், சுவரைக் கொஞ்சம் நகர்த்துவேன், பெயரை மாற்றிச் சேமிப்பேன். இதற்கு ஒர்க்ஃப்ளோ என்று கௌரவமான பெயர் இருப்பதால் யாரும் இதைச் சோம்பேறித்தனம் என்பதில்லை. ஆக, இந்த மலையில் நான் வரைந்தவை எல்லாம் ஒரே வீட்டின் வாரிசுகள். மூத்தது, மென்பொருளோடு இலவசமாக வந்த மாதிரி வீடு. சமவெளியில் இருக்கிற வீடு அது. அதன் போர்ட்டிகோவில் ஒரு சிவப்புக் கார் நிற்கும்.

கரடியூர் பொன்னுவேல் என்னிடம் வந்தார். காப்பியும் மிளகும் போடுகிற விவசாயி. அவருடைய இடம் ரோட்டுக்குக் கீழே சரிவில் இருந்தது. ஆடுகூட யோசித்துத்தான் இறங்கும். அங்கே கார் எதற்கு? அழித்தேன். கூடவே சமையலறையும் அழிந்தது.

எப்போதோ இரண்டையும் சேர்த்து நகர்த்துவதற்காக நானேதான் ஒன்றாகக் கட்டிவைத்திருந்தேன். கட்டியது ஞாபகம் இருந்தது, அவிழ்க்கிற விதம் மறந்துவிட்டது. யூடியூபில் தேடினேன். ஒரு வெள்ளைக்காரர், "அழிக்காதே, மறைத்துவிடு" என்றார். அழிந்ததை மீட்டெடுத்து, காரை மட்டும் மறைத்தேன். திரையில் கார் காணாமல் போனது. பிரச்சனை தீர்ந்துவிட்டதாகப் பொன்னுவேலுக்கு அறிவித்து, வரைபடத்தை அனுமதி அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

மறைத்தவை எல்லாம் அனுப்பும்போது வெளியே வந்துவிடும் என்று அதே வெள்ளைக்காரர் அதே வீடியோவின் பிற்பாதியில் சொல்லியிருக்கிறார். முற்பாதியிலேயே எனக்கு முழு அறிவும் வந்துவிட்டதால் நான் நிறுத்திவிட்டேன்.

அனுப்பிய வரைபடத்தை நான் திறந்து பார்க்கவில்லை, அனுமதி அலுவலகத்திலும் பார்க்கவில்லை. அனுமதி வந்தது. பொன்னுவேல் பழைய வீட்டை இடித்துவிட்டு, மனைவி கிருஷ்ணம்மாளோடு தகரக் கொட்டகைக்குக் குடிபோனார். புது வீடு எழும்பியது. வைகாசியின் கடைசி முகூர்த்தத்தில் புதுமனை புகுவிழா. அதை விட்டால் ஆவணிதான். அதுவரை மழையில் அந்தக் கொட்டகை தாங்காது. நிறைவுச் சான்று கிடைத்தால்தான் கரண்ட்டும் கிடைக்கும்.

அந்தச் சான்றுக்காக ஆய்வாளர் தங்கராஜ் வந்தார். வரைபடத்தைப் பார்த்தார், போர்ட்டிகோவைப் பார்த்தார்.

"காருங்க?"

"எந்தக் காருங்க?" என்றேன்.

"அங்கீகரிச்ச வரைபடத்துல சிவப்புக் கலர்ல ஒரு கார் இருக்குதுங்க. இங்க இல்லீங்க. மேற்படி இல்லாமைக்கு என்னங்க காரணம்?"

"அது சும்மா அழகுக்குங்க சார்."

"அழகுக்குன்னு எங்கீங்க போட்டிருக்குது? உங்க போர்டுல வரைந்தது வரைந்தபடின்னுதான் இருக்குதுங்க."

திருத்திய வரைபடம் தருவதாகச் சொல்லி, அங்கேயே லேப்டாப்பைத் திறந்து காரை அழித்தேன். வழக்கப்படி சமையலறையும் போனது. தங்கராஜ் எட்டிப் பார்த்தார்.

"தாராளமாக் குடுங்க. ஆனா சமையலறையை இடிச்சுப் போடணுங்க."

கிருஷ்ணம்மாள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். "ஏனுங்க தம்பி, இந்த ஊட்டுக்கு நாங்க நொம்ப ஆசைப்பட்டமுங்க. நான் சோறாக்கறது உங்க கம்ப்யூட்டருக்கு ஏனுங்க புடிக்கல?"

எனக்கு அவமானமாக இருந்தது. கம்ப்யூட்டர்மேல் பழியைப் போட வாயைத் திறந்தேன். "கட்டிவெச்சது நாந்தாங்க" என்றுதான் வந்தது.

"ஏனுங்க சார், ஒரு காரைக் கொண்டாந்து வெச்சாப் போதுங்களா?" என்றார் பொன்னுவேல்.

"போதுமுங்க. ஓடோணும்னு வரைபடத்துல இல்லீங்க."

மூவரும் நிமிர்ந்து மேலே ரோட்டைப் பார்த்தார்கள். அங்கே என் சிவப்புக் கார் நின்றிருந்தது.

அடிவாரத்திலிருந்து மெக்கானிக் காளியப்பன் வந்து அதைக் கழற்றினார். காப்பி மூட்டை தூக்குகிறவர்கள் கதவுகளையும் சக்கரங்களையும் சுமந்தார்கள். எஸ்டேட்டில் மரம் இறக்குகிறவர்கள் மிச்சத்தைக் கயிறு கட்டி இறக்கினார்கள். சுற்றுலா வந்தவர்கள் இதையும் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாக நினைத்து போட்டோ எடுத்தார்கள். சாயங்காலம் என் கார் பொன்னுவேல் வீட்டுப் போர்ட்டிகோவில் முழுசாக நின்றது.

தங்கராஜ் மறுபடி வந்தார். காரைச் சுற்றிவந்து திருப்தியடைந்தார்.

"கார் சரிங்க. ஆளு எங்கீங்க?"

வரைபடத்தில் காரை ஒட்டி, ஒல்லியாக, கண்ணாடி போட்டு, இடுப்பில் கை வைத்தபடி ஒருவன் நின்றான். இத்தனை வருடங்களில் நான் அவனைக் கவனித்ததே இல்லை. பொன்னுவேல் தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

போய் நின்றேன்.

"இடது கையிங்க," என்றார் தங்கராஜ்.

கையை மாற்றினேன். சான்று கிடைத்தது, கரண்ட்டும் வந்தது. விழாவில் பால் நன்றாகப் பொங்கியது. கிருஷ்ணம்மாள் எனக்குப் போர்ட்டிகோவிலேயே காப்பி கொண்டுவந்து கொடுத்தார். மனசு நிறைந்துவிட்டது.

காரை வெளியே எடுப்பது அங்கீகாரத்துக்கு முரணானது என்பதால் அது அங்கேயே இருக்கிறது. பின்சீட்டில் கோழி முட்டையிடுகிறது. நான் பஸ்ஸில் போகிறேன்.

தொழில் மட்டும் பிரமாதம். சமவெளியில் இருக்கிற குப்பனூரிலிருந்துகூட வந்து, "பொன்னுவேல் ஊடு மாதிரியே வேணுங்க" என்கிறார்கள். மாதிரி என்றால் சரிவும் படியும் காருமாகத்தான். போன வாரம் தங்கராஜே தன் வீட்டுக்காக வந்தார்.

"உங்களுக்காவது காரை எடுத்துடட்டுங்களா?" என்றேன்.

"ஐயோ, வேண்டாமுங்க. ஊரே வெச்சிருக்குது, நம்ம ஊட்டுல மட்டும் இல்லீன்னா நல்லா இருக்காதுங்க." குரலைத் தாழ்த்தினார். "அப்புறம், என் ஊட்டை நானே ஆய்வு பண்ண முடியாதுங்க. வர்றவரு நொம்பக் கண்டிப்பானவரு. நீங்க மறக்காம வந்து நின்னுருங்க."

பொன்னுவேல் வீட்டைத் திறந்தேன். சுவரைக் கொஞ்சம் நகர்த்தினேன். பெயரை மாற்றிச் சேமித்தேன். கார் இருந்தது. பக்கத்தில், இடுப்பில் கை வைத்தபடி நானும் இருந்தேன்.