பாட்டுக்குப் பட்டா

ஒரு விடுகதை போடுகிறேன். கோயிலில் முந்நூறு பேர் இருக்கிறார்கள். முந்நூறு பேருக்கும் பாட்டு தெரியும். ஒருவருக்கும் தொண்டை கட்டவில்லை. எல்லோரும் பாட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவும் இருக்கிறது. ஆனாலும் ஒருவர்கூடப் பாடவில்லை. ஏன்?

விடை தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். வேப்பிலைநத்தத்தில் நடந்ததைக் கேட்டால் போதும்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வேப்பிலைநத்தம். 1985-ஆம் வருடம் அந்த ஊர் சந்தியாகப்பர் கோயிலில் ஒரு பாடகர் குழு இருந்தது. உறுப்பினர்கள் நான்கு பேர். தலைவர் ஞானப்பிரகாசம் முப்பத்திரண்டு வருடம் நிலப் பட்டா பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மருமகன் லூர்துசாமி பெங்களூரிலிருந்து ஒரு கீபோர்டு வாங்கி வந்திருந்தான். பொத்தானை அமுக்கினால் தாளத்தை அதுவே போட்டுக்கொள்ளும். பூசையில் மன்னிப்புக் கேட்கும் பாட்டுக்கு அவன் டிஸ்கோ தாளம் வைத்ததிலிருந்து, பாவிகள் காலைத் தட்டிக்கொண்டே மனம் வருந்தினார்கள்.

ஜூன் மாதம் ஆயர் இல்லத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பூசையில் குழு மட்டும் பாடினால் போதாது, மக்கள் அனைவரும் வாய்திறந்து பாட வேண்டும் என்றது. பங்குச்சாமியார் இன்னாசி அதைச் சந்தோஷமாகப் படித்துக் காட்டினார். ஞானப்பிரகாசம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அனைவரும்னா யார் யாருங்க சாமி?"

"அனைவரும்தான்."

"அப்படிப் பொத்தாம்பொதுவா எதுவும் பண்ண முடியாதுங்க. எல்லாருக்கும் நிலம்னு சர்க்கார் சொன்னா, மறுநாளே எல்லாரும் போயி வேலி போட்டுட முடியுங்களா? மனு, விசாரணை, அப்புறம் பட்டா."

"பாட்டுக்கு ஏதுங்க பட்டா?"

"இல்லீங்க. அதுதான் இத்தனை நாளாக் குறை."

குறை நிவர்த்தி செய்யப்பட்டது. ஞாயிறுதோறும் பூசைக்குப் பிறகு குரல் விசாரணை நடந்தது. தேறியவர்களுக்கு முத்திரை குத்திய சீட்டு. ஒன்றாம் பிரிவினர் முழுப் பாட்டும் பாடலாம். இரண்டாம் பிரிவினர், ஒன்றாம் பிரிவினர் சரணத்தைப் பாடி முடித்த பிறகு பல்லவியை மட்டும் பாடலாம். மூன்றாம் பிரிவினர் வாயசைக்கலாம், சத்தம் வரக்கூடாது. முதல் நாள் குழு தன்னைத்தானே விசாரித்து, நால்வருக்கும் ஏகமனதாக ஒன்றாம் பிரிவு வழங்கிக்கொண்டது. ஊரில் வேறு யாருக்கும் அது கிடைக்கவில்லை. சாமியாருக்கு மூன்றாம் பிரிவு கிடைத்தது.

"நீங்க பூசையை வைங்க சாமி. பாட்டை நாங்க பார்த்துக்கறோம்" என்று ஞானப்பிரகாசம் ஆறுதல் சொன்னார்.

சவரியம்மாளின் மகள் அருளாயிக்கு ஒன்பது வயது. ஜூலை மாதத் திருவிழாவில் அவள் முதல் நற்கருணையான புதுநன்மையை வாங்க இருந்தாள். புதுநன்மை வாங்கும் பன்னிரண்டு பிள்ளைகளும் சேர்ந்து ஒரு நன்றிப் பாட்டு பாடுவது அந்தக் கோயில் வழக்கம். புதுப் பாவாடை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பாட்டைப் பாடியே தீர வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். இரண்டு மாதமாகத் தண்ணீர்க் குடத்தோடும் பாட்டோடும்தான் நடந்தாள்.

அவளும் வரிசையில் நின்றாள்.

"எதுக்காகப் பாடணும்?" என்று கேட்டார் ஞானப்பிரகாசம்.

"பாட்டு வருதுங்க."

"வந்தா பாடிடறதா? வூட்டுல யாருக்காவது சீட்டு இருக்குதா?"

"அம்மாளுக்கு ரெண்டாம் பிரிவுங்க."

"சரி, பாடு."

பாடினாள். சாமியார் எழுந்து நின்றுவிட்டார். ஆனால் லூர்துசாமி உதட்டைப் பிதுக்கினான். "நல்லாத்தான் பாடுது மாமா. ஆனா தாளம் ஒரு பக்கம் ஓடுது, இது ஒரு பக்கம் நடக்குது."

"தாளத்தைக் கொஞ்சம் மெதுவா வையேன்ப்பா" என்றார் சாமியார்.

"மெதுவா வைக்கிற பொத்தான் எதுன்னு தெரியலீங்க சாமி."

மற்றப் பிள்ளைகளைப் போலவே அருளாயிக்கும் மூன்றாம் பிரிவு எழுதப்பட்டது.

"வாயசைக்கறப்போ தெரியாம சத்தம் வந்துட்டா என்ன பண்றதுங்க?" என்று கேட்டாள்.

"வந்த பிறகு மனுக் கொடு" என்றார் தலைவர்.

திருவிழா வந்தது. பூசை வைக்க ஆயரே வந்திருந்தார். ஒன்றாம் பிரிவு நால்வரில் தலைவர் வாசலில் நின்று சீட்டுச் சரிபார்த்தார். ஒருவர் பெண்கள் பக்கம் சரிபார்த்தார். ஒருவர் பதிவேட்டில் எழுதினார். லூர்துசாமிக்கு கீபோர்டு வாசித்துக்கொண்டே பாட வராது. எனவே சரணம் பாட ஆளில்லை. சரணம் முடியாததால் இரண்டாம் பிரிவு பல்லவியைத் தொடங்கவில்லை. மூன்றாம் பிரிவு மட்டும் கடமை தவறாமல் வாயசைத்தது. கீபோர்டு தன்னந்தனியாக டிஸ்கோ தாளம் போட்டது. விடுகதைக்கு விடை இதுதான். கதை இன்னும் முடியவில்லை.

நன்மை கொடுத்து முடிந்தது. பன்னிரண்டு பிள்ளைகளும் வரிசையாக நின்று மீன்களைப் போல வாயைத் திறந்து மூடினார்கள். அருளாயியின் கண்ணில் நீர் நின்றது. ஆயருக்குப் பொறுக்கவில்லை. அவரே பாட்டை எடுத்துக் கொடுத்தார். ஞானப்பிரகாசம் ஓடிவந்து காதோரம் குனிந்தார்.

"மன்னிக்கணுங்க ஆண்டகை. உங்களுக்கு இன்னும் சீட்டுப் போடலீங்க."

என்ன சீட்டு என்று கேட்டு அறிந்துகொண்ட ஆயர், மைக்கைக் கையில் எடுத்தார். "இந்த நிமிஷத்திலிருந்து எல்லாச் சீட்டும் ரத்து! அனைவரும் பாடுங்கள்!"

சீட்டு வைத்திருந்தவர்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு சவரியம்மாள் எழுந்தாள்.

"ரத்துன்னா எப்படீங்க சாமி? மூணு ஞாயித்துக்கிழமை கால் கடுக்க நின்னு வாங்குனது. என் நாத்தனாருக்குக்கூடக் கிடைக்கல."

"ஆமாங்க. நேத்து வரைக்கும் வாயசைச்சவனும் நானும் இன்னைக்கி ஒண்ணாங்களா?" என்றார் ஆண்கள் பக்கமிருந்து ராயப்பன்.

மூன்றாம் பிரிவிலிருந்தும் ஒருவர் கை தூக்கினார். "ரத்து பண்ணுங்க, வேணாங்கல. எங்களை ரெண்டாம் பிரிவுக்கு ஏத்திவிட்டுட்டு அப்புறம் ரத்து பண்ணுங்க."

ஆயர் பெருமூச்சு விட்டார். ஒரு குழந்தையை வைத்துத்தான் இவர்களுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். அருளாயியை முன்னால் அழைத்து, மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினார்.

"நீ சொல்லு கண்ணு. எல்லாருக்கும் கேட்கட்டும். இப்பவே, இங்கேயே, அந்தப் பாட்டைப் பாடறியா? இல்ல, உனக்கும் ஒண்ணாம் பிரிவுச் சீட்டு ஒண்ணு வேணுமா?"

முந்நூறு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

அருளாயி சீட்டு வேண்டும் என்றாள்.