ஞான நரையும் சாப நரையும்

மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் சாமியார் வம்சானந்தர் வந்து இறங்கியதிலிருந்து, கீழே கட்டில் வாங்க வந்தவர்கள்கூட மாடியேறிச் சாபம் நீக்கிக்கொண்டு போனார்கள். படிக்கட்டு முழுக்க வரிசை. தாத்தாவின் மாறுகண் பேரனுக்கு வந்திருக்கிறதா? அத்தையின் திக்குவாய்? பெரியப்பாவின் ஆறாம் விரல்? எல்லாம் பரம்பரைச் சாபம். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய். சாபத்துக்கேற்ற புட்டி, பர்ஸுக்கேற்ற சாபம்.

ஆறாம் விரலில் அதைத் தடவினால் அடுத்த பிறவியில் ஐந்து விரலோடு பிறக்கலாமாம். போய்ப் பிறந்து பார்த்துவிட்டு வந்து புகார் சொன்னவர் யாருமில்லை. ஆனால் வெள்ளை முடிக்கு மட்டும் உடனடிப் பலன். தடவித் துணி கட்டி, ஜபம் முடிந்து அவிழ்த்தால் கறுகறுவென்று இருக்கும். மாறுகண்ணுக்கு ஒரு பிறவி காக்கச் சொல்கிற தெய்வம் நரைக்கு மட்டும் ஏன் இப்படி அவசரப்படுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடுமே.

அந்த வரிசையில்தான் ஒரு வங்கிக் காசாளர் கைக்குழந்தையோடும் புருஷன், மாமியாரோடும் நின்றாள். குழந்தைக்குப் பிறக்கும்போதே நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி வெள்ளை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையவே கிடையாது" என்று மாமியார் அன்றைக்கு ஆரம்பித்த பாட்டை இன்னும் நிறுத்தவில்லை. டாக்டரோ, "இது நோயே இல்லம்மா. அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டருந்து வந்திருக்கும். அவங்க தலையிலயும் இருக்கணுமே" என்றார். அவள் கண்ணாடி முன்னால் நின்று தன் தலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. புருஷன் தலையோ கன்னங்கரேல்.

வம்சானந்தர் குழந்தையைப் பார்த்தார். மாமியாரின் கைப்பையைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"தாய்வழிச் சாபம். எண்ணெய் தடவுறேன், கறுத்துடும். ஆனா தாயோட நிழல் பட்டா மறுபடி வெளுக்கும். ஒரு வருஷம் குழந்தையைப் பாட்டி வளர்க்கட்டும். இவ தாய்வீட்டுல இருக்கட்டும்."

"நான் சொன்னா யார் கேட்டாங்க?" என்றாள் மாமியார், கூட்டத்தைப் பார்த்து.

புருஷன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவும் மனைவியும் பேசும்போதெல்லாம் அவன் பார்வை அங்கேதான் போகும். காசாளர் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். ஆனால் தினமும் கள்ள நோட்டைத் தடவிப் பார்த்தே பழகியவள் இல்லையா?

"சாமி, உங்க தாடி வெள்ளையா இருக்கே. அதுவும் சாபமா?"

"இது ஞானத்துல வந்த நரைம்மா."

"அதை இந்த எண்ணெய் கறுப்பாக்காதா?"

"சாபத்தை மட்டும்தான் தொடும். ஞானத்தை ஒண்ணும் பண்ணாது." மைக்கிலேயே சொன்னார், பெருமையாக.

"அப்ப முதல்ல உங்க தாடில தடவிக் காட்டுங்க. வெள்ளையாவே இருந்துச்சுன்னா, குழந்தையை இங்கயே அத்தை கையில குடுத்துட்டுப் போறேன்."

வம்சானந்தருக்குத் திடீரென்று பூஜை நேரம் நினைவுக்கு வந்தது. பக்தர்கள் விடவில்லை. "தடவுங்க சாமி, அந்தம்மா வாயை அடைங்க" என்று ஒரு தையல்காரர் மேடையேறி, தானே பாதித் தாடிக்கு எண்ணெய் பூசித் துணியும் கட்டிவிட்டார். பல்வலிக்காரர்போல உட்கார்ந்திருந்தார் வம்சானந்தர். கூட்டம் உரக்க ஜபம் சொன்னது. அவர் மட்டும் சொல்லவில்லை.

துணியை அவிழ்த்தார்கள். ஒரு பக்கம் ஞானம். மறுபக்கம் கன்னங்கரேலென்று சாபம்.

முதலில் சிரித்தது அந்தத் தையல்காரர்தான். தன் விரலைப் பார்த்தார், அதுவும் கறுப்பு. "அடப்பாவி, தலைச்சாயத்தையா சாமி புட்டியில ஊத்தி வித்தீங்க?"

மாமியார் மட்டும் மசியவில்லை. "அவன் பித்தலாட்டக்காரனாவே இருக்கட்டும். குழந்தைக்கு வெள்ளை எங்கிருந்து வந்துச்சு? எங்க வீட்டுல யாருக்கு இருக்கு?"

புருஷன் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினான்.

"அம்மா, இதே வாசனைதான். ஞாயித்துக்கிழமை கதவைச் சாத்திட்டு நீ எனக்குத் தடவுறது."

"சும்மா இருடா."

"எனக்கும் அதே இடத்துலதான் வெள்ளை. உனக்கும் அங்கதான். பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கின."

மாமியார் பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "என் மாமியார் கண்ணுல பட்டிருந்தா என்னை அன்னைக்கே துரத்தியிருப்பாங்க" என்றாள், மெதுவாக.

"அதுக்காக என்னைத் துரத்தப் பாத்தீங்களா, அத்தை?" என்றாள் காசாளர். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "பிள்ளையை விட்டுட்டுப் போன்னு அந்த ஆளு சொன்னப்பகூட விசிறியைத்தானே பாத்தீங்க?"

இதற்குள் வம்சானந்தர் படிக்கட்டு வழியாக நழுவினார். மேலே நடந்தது தெரியாமல் வரிசையில் நின்றவர்கள் பாதி கறுத்த தாடியைக் கண்டார்கள். "சாமிக்குப் பாதி இளமை திரும்பிடுச்சு" என்று காலில் விழுந்தார்கள். தையல்காரர் ஓடிவந்து தன் கறுத்த விரலைக் காட்டிக் கத்திய பிறகுதான், விழுந்தவர்கள் எழுந்து சாமியாரின் சட்டையைப் பிடித்தார்கள்.

காசாளர் குழந்தையோடு இறங்கினாள். வெள்ளைக் கொத்து காற்றில் ஆடியது. வரிசையில் ஒருவர் இன்னும் காலிப் புட்டியோடு நின்றார். "ஏம்மா, அப்போ எங்க பரம்பரைச் சாபத்துக்கு என்னதான் வழி?"

"மூளைன்னு ஒண்ணையும் அப்பா அம்மா குடுத்துத்தானே அனுப்பினாங்க?" என்றாள் அவள். "அதை ஏன் இத்தனை நாளா மறைச்சு வச்சிருக்கீங்க?"