கொக்கி போடும் மாப்பிள்ளை

குடவாசல்,
ஆவணி 9, திங்கள்

பனி பெய்கிற தேசத்தில் பஸ்ஸுக்கே கரண்ட் ஊட்டுகிற என் அன்பு மாப்பிள்ளை மதிவாணனுக்கு, தாய்மாமன் பக்கிரிசாமி வாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா, உன் அத்தை, சம்பா நாற்றங்கால், நான் எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியமும் உன் பஸ்களின் சௌக்கியமும் அறிய ஆவல். போனில் சொல்லலாம்தான், பக்கத்தில் உட்கார்ந்து உன் அத்தை நடுநடுவே திருத்தம் சொல்லுகிறாள். ஆகவே கடுதாசி.

முதலில் சந்தோஷ சமாசாரம். மூன்று வருஷமாய் உன் அம்மா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில், போட்டோ பார்த்து நீ முதல் தடவையாகச் சரி என்ற திருத்துறைப்பூண்டிப் பெண் குந்தவை விஷயம் நூற்றுக்கு நூறு முடிந்தது. அதில் தொண்ணூறு என் வாயால் வந்தது. நேற்று நானும் உன் அம்மாவும் பெண் வீட்டுக்குப் போனோம். பெண்ணின் அப்பா வைத்தியலிங்கம் மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர் என்று மட்டும்தான் உன் அம்மா சொல்லியிருந்தாள். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று சொல்லவில்லை. தப்பு அவள் பேரில்.

காபி வந்ததும், “மாப்பிள்ளைக்கு என்ன வேலை?” என்று கேட்டார். உன் அம்மா இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்துத் தடுமாறினாள். நான் விடுவேனா? நீ அனுப்பின பஸ் போட்டோ என் மனசில் அச்சாக நிற்கிறது. பஸ் முதுகில் இரண்டு நீளக் கம்பு, அது மேலே போகிற லைனில் மாட்டியிருக்கிறது. இதற்கு நம் ஊரில் பேர் இல்லையா?

“சுவிட்சர்லாந்துல கொக்கி போடுறான் சார்” என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “கொக்கியா? மெயின் லைன்லயா?”

“பின்னே? ஊர் பூரா அவன் போட்ட கொக்கிதான்.”

“எத்தனை வருஷமா?”

“நாலு வருஷமா. பட்டப்பகல்ல! போலீஸ்காரன் கையைக் காட்டி வழி விடுறான்னா பாத்துக்குங்க.”

“ஒரு தடவைகூட மாட்டலையா?”

“மாட்டாம எப்படி சார்? மாட்டுனாத்தானே கரண்டு வரும்!”

உன் அம்மா என் தொடையில் கிள்ளினாள். பெருமையில் கிள்ளுகிறாள் என்று நினைத்து இன்னும் இரண்டு சேர்த்தேன்: அந்த ஊர் மேயர் உன்னைக் கேட்காமல் வீட்டில் ஃபேன் போடமாட்டார், தன் மகளையே உனக்குத் தருவதாகச் சொன்னார், நீதான் நம் பக்கத்துப் பெண்தான் வேண்டும் என்று மறுத்துவிட்டாய் என்று. வைத்தியலிங்கம் முகம் கறுத்து எழுந்துவிட்டார். “முப்பது வருஷம் இந்தக் கொக்கித் திருடங்களை வயல் வயலா ஓடிப் பிடிச்சவன் நான். என் வீட்டுக்கே ஒருத்தன் மாப்பிள்ளையா? எழுந்திரிங்க!” உன் அம்மா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் கலங்குவேனா? கொல்லையில் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி இரண்டு கிடந்தது. இரண்டையும் தோளில் சாத்தி, துணி காய்கிற கொடியில் மாட்டி, நான்தான் பஸ் என்று டுர்ர்ரென்று ஓடிக் காட்டினேன். அது சத்தமே போடாத பஸ் என்று உன் அம்மா கத்தினாள். அதையெல்லாம் கவனிக்கிற நேரமா அது? முதல் வளைவு பிரமாதமாக எடுத்தேன். இரண்டாவதில் கொடி அறுந்து, அவருடைய எட்டு முழ வேட்டி ஈரத்தோடு என் தலையில் விழுந்தது.

அப்போது யாரோ சிரித்தார்கள். குந்தவை! “அப்பா, அது டிராலி பஸ்ப்பா. அந்தக் கம்பியே பஸ்ஸுக்காகத்தான் போட்டிருக்காங்க. திருட்டு இல்ல” என்று அவரை உட்காரவைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “சரி மாமா, கம்பி இல்லாத தெருவுல உங்க பஸ் எப்படிப் போகும்?” என்றாள்.

வேட்டியை விலக்கிக்கொண்டு, நீ முன்னே போனில் விளக்கினதை நம் ஊர் பாஷையில் சொன்னேன்: “முறைத் தண்ணி வர்றப்ப வயல்ல கட்டிக்கிறோம்ல? அப்புறம் மதகை அடைச்சாலும் பயிர் நிக்குதில்ல? அதேதாம்மா. கம்பிக்குக் கீழ ஓடுறப்பவே பஸ் வயித்துல கரண்டக் கட்டிக்கும். கம்பி முடிஞ்சா முதுகுக் கம்பை மடக்கிக்கிட்டு பேட்டரியில போகும். சார்ஜ் ஏத்துறேன்னு டெப்போவுல மணிக்கணக்கா படுத்துக் கிடக்காது.”

வைத்தியலிங்கம் என் தோளிலிருந்த தொரட்டியை வாங்கி நுனியைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “நம்ம பக்கம் இந்த பஸ் வந்தா லைனை யாரு பாத்துக்குவாங்க?” என்றார். தொழில் தெரிந்தவர் கேள்வி! நீதான் வந்து பார்த்துக்கொள்ளப் போகிறாய், தஞ்சாவூரிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை கம்பி இழுக்கிறாய், தையில் பூமி பூஜை என்று சொல்லிவிட்டேன். உடனே இரண்டாம் காபி வந்தது. பெண் வீட்டில் இரண்டாம் காபிக்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

ஆகவே லீவுக்கு இப்போதே எழுதிப்போடு. தாராசுரத்து ஐராவதேஸ்வரர் உனக்கும் உன் பஸ்களுக்கும் ஒரு குறையும் வராமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் கல்யாணத்தை ஒற்றை ஆளாக முடித்துவைத்த
தாய்மாமன் பக்கிரிசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் குந்தவையே உன் அம்மாவுக்கு போன் செய்துவிட்டது. பெண்ணுக்கும் சம்மதம், அப்பாவுக்கும் சம்மதம். ஒரே ஒரு நிபந்தனை. மேயர் மகள், பூமி பூஜை என்று மாமா அளந்தது அத்தனையும் பொய் என்று மாப்பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டுமாம். கடிதம் கண்டவுடன் போன் பண்ணிச் சொல்லிவிடு, கூச்சப்படாதே. எந்த மாமா என்று கேட்டால் மட்டும் முழுப் பெயராக, இனிஷியலோடு சொல்.