யார் வீட்டு வாழை?

சீவலப்பேரி

அன்புள்ள மைத்துனர் மாரிசெல்வத்துக்கு,

அத்தான் வன்னியராஜ் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மாடுகளும் நலம். உன் அக்காள் இசக்கித்தாய் நலமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். என்னிடம் பேச்சையே நிறுத்திவிட்டாள். போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்குப் பாபநாசத்திலிருந்து சீரோடு நீங்கள் அனுப்பிய வாழைக்கன்று நினைவிருக்கிறதல்லவா? அதை என் அப்பா வைத்த கோழிக்கூடு ரக வாழைக்குப் பக்கத்தில் நட்டோம். அன்று பிடித்தது சண்டை. பழம் தின்று யார் நன்றாயிருக்கிறது என்றாலும், தன் அம்மை வீட்டு வாழை என்பாள் அவள், என் அப்பா வாழை என்பேன் நான். இப்போது வாழை ஆராய்ச்சி நிலையத்தில் டி.என்.ஏ. பார்த்து இன்ன ரகம் என்று சொல்லிவிடுகிறார்களாம். பழத்தைத் தின்றுகூடப் பார்க்க மாட்டார்கள், குருத்திலையில் ஒரு துண்டு போதுமாம். இரண்டு வாழையிலும் இலை வெட்டி, புளிச்சோறும் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் நிலையத்தில் சாப்பிட்டுவிட்டு, தின்ற இலையைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்தேன். சோதனைக்கு வெட்டிய இலைகளை அங்கே நின்ற ஆட்டுக்குப் போட்டிருக்கிறேன். ஆராய்ச்சி நிலையத்தில் சோதனை பார்க்கும் சாலோமி அம்மா இலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுல கடுகு ஒட்டியிருக்கே அண்ணாச்சி, இது என்ன ரகம்?" என்று கேட்டபோது எனக்கு எங்கே போய் முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

மறுமுறை உன் அக்காளே இலையைக் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். முடிவு வாங்கவும் என்னோடு வந்தாள். "ரெண்டும் ஒரே ரகம்தான், கோழிக்கூடு" என்றார் சாலோமி அம்மா. நான் சும்மா இருந்திருக்கலாம். "பாத்தியா, நீ சொமந்துட்டு வந்தது எங்க தோட்டத்துலயே கெடந்திருக்கு" என்று பஸ்ஸில் வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்று சொன்னாள்: "எங்க அம்மை வீட்டுதுன்னு சொல்லிக்கிட எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

அதோடு சரி. சோறு வைக்கிறாள், போய்விடுகிறாள். சண்டையில் ஜெயிக்கத்தான் நினைத்தேன் மாப்பிள்ளை, அவளிடமிருந்து அம்மை வீட்டைப் பிடுங்க நினைக்கவில்லை. மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நீ உடனே புறப்பட்டு வந்து, "நம்ம வாழை வேறதான் அக்கா, மிஷினுக்கு என்ன தெரியும்" என்று ஒரு பொய் சொல்லு. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன் மகள் பிரியதர்ஷினி நன்றாகப் படித்து முன்னுக்கு வரட்டும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அத்தான் வன்னியராஜ்

பின்குறிப்பு: தபால்தலை எடுக்கப் போன நேரத்தில் உன் அக்காள் இதைப் படித்துவிட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ரெண்டும் ஒண்ணுன்னுதான சொன்னாவ? எது மூத்ததுன்னு சொன்னாவளா? ஒங்க அப்பாதான் எங்க ஊர்ப்பக்கம் வந்து கன்னு வாங்கிட்டுப் போயிருக்காவ. ஆத்துத் தண்ணி அங்கனயிருந்துதான இங்கன வருது? ஒங்க வாழை என்ன, எதுத்து நீந்தியா பாபநாசம் போச்சு?" கேட்கக் கேட்க எவ்வளவு சந்தோஷமாயிருந்தது என்று அவளிடம் சொல்லிவிடாதே. இப்போது அடுத்த வீட்டு அலிமா பீவியிடம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ வர வேண்டாம். அவள் கட்சிக்குத் தாமிரபரணியே போதும்.