புள்ளி அண்ணன் கடலுக்குப் போன கதை

ஐந்து நாள் நடுக்கடலில் இருந்துவிட்டு, கடலைப் பார்க்காமல் கரைக்கு வந்த ஒரே மனிதர் எங்கள் புள்ளி அண்ணன்தான். நம்பாவிட்டால் போங்கள். சாட்சிக்கு ஒரு படகு முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம், வலைக்கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் ஐந்து மேசை, ஐந்து கதிரை. நாட்கணக்கில் கடலில் நின்று மீன்பிடிக்கிற பலநாள் படகுகளில் பூட்டுகிற சின்னப் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். வானிலைச் செய்தியும் ஐஸ் அறையின் குளிரும் அதன் திரையில் தெரியும். திரையில் தெரிவதெல்லாம் என் வேலை. திரைக்கு அடியில், ஆழத்தில், யாருக்கும் விளங்காத இடத்தில் நடப்பது அண்ணன் வேலை. உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வருவார். முதல் நாளே கேட்டேன்.

"அண்ணா, நீங்கள் என்ன வேலை செய்யிறீங்கள்?"

"நான் புள்ளி வைக்கிறன் பிள்ளை."

"வச்சா?"

"ஒண்டும் நடக்காது. நடக்கக் கூடாது. அதுதான் வேலை."

எனக்குத் தலை சுற்றியது. பிறகு அவர் சொன்னதில் பிடிபட்டது இவ்வளவுதான். பெட்டிக்குள்ளே கேர்னல் என்று ஒன்று இருக்கிறதாம். எந்த நிரல் வந்து கேட்டாலும் நினைவகத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பதும், வேலை முடிந்ததும் திரும்ப வாங்குவதும் அதன் பாடு. கொடுக்கிற இடத்தில் ஒரு புள்ளி, வாங்குகிற இடத்தில் ஒரு புள்ளி வைப்பாராம். சும்மா இருக்கும்போது புள்ளி நித்திரை. எழுப்பி விட்டால், அந்த வழியால் போகிற ஒவ்வொன்றையும் ஒரு வரி எழுதி வைக்கும். மறிக்காது, ஏன் என்று கேட்காது. ட்ரேஸ்பொயின்ற் என்பது அதன் சரியான பெயர். ஆனால் அவர் புள்ளி என்றார், நாங்களும் அவரைப் புள்ளி அண்ணன் ஆக்கிவிட்டோம்.

ஒரு மாதம் முழுக்க இருந்து பதினொரு வரி நிரல் எழுதினார். முதலாளியை நாங்கள் சேர் என்போம். சேர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இதைப் போட்டால் பெட்டி கெதியாக ஓடுமா என்று கேட்டார். இல்லை என்றார் அண்ணன். குறைந்தபட்சம் படமாவது தெளிவாகத் தெரியுமா? அதுவும் இல்லை.

"அப்ப என்னதான் நடக்கும்?"

"முந்தி ஓடினமாதிரியே ஓடும் சேர்" என்றார், பெருமை தாங்காமல்.

மனிதர் வெளியிலும் அப்படித்தான். வயிற்றுவலி என்று டொக்டரிடம் போனவர், எத்தனை மணிக்கு எந்த இடத்தில் வலித்தது என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். எதைச் சாப்பிட்டீர்கள் என்று டொக்டர் கேட்டதற்கு, காரணம் சொல்வது தன் வேலையில்லை என்றாராம். சந்தைக்கு மீன் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினால், வேறு யாராவது மழை, கூட்டம் என்று ஏதாவது அளப்பார்கள். இவர் எந்தச் சந்தியில் எத்தனை நிமிடம் நின்றார் என்பதை மனைவியிடம் அப்படியே ஒப்புவிப்பார். பொய் சொல்லத் தெரியாத புருஷனோடு குடும்பம் நடத்துவது பெரிய கரைச்சல் என்று அந்த அக்கா என்னிடமே அழுதிருக்கிறா.

இப்படி இருக்கும்போதுதான் பெட்டிக்கு வருத்தம் வந்தது. கடலுக்குப் போன மூன்றாம் நாள், திரை அப்படியே உறைந்துவிடும். காற்றுக் கிளம்புகிறது என்ற செய்தி வந்தாலும் படகுக்குத் தெரியாது. யாரோ ஒருவருடைய நிரல் நினைவகத்தை வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுக்காமல் இருக்கிறது என்றார் அண்ணன். அது யார் என்று தெரிந்த அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போகலாம் என்றார் சேர். நான் அப்போது பயிற்சிக் காலத்தில் இருந்தேன். கொழும்புக்கு வேலைக்கு விட வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். இந்தக் கதிரை போனால் எனக்கு வேறு கதிரை கிடையாது. 

அண்ணன் பெட்டியை மேசையில் வைத்துப் புள்ளிகளை எழுப்பினார். பெட்டி கண் மூடித் திறப்பதற்குள் செத்துப்போனது. வரி எழுதப் புள்ளிக்கும் கொஞ்சம் நினைவகம் வேண்டுமாம். அதை வாங்கப் போன இடத்திலும் புள்ளி. அதை எழுத இன்னும் கொஞ்சம். மனிதர் கண்ணீர் வரச் சிரித்தார். செத்த பெட்டியைப் பார்த்துச் சிரிக்கிற ஆளை நான் அன்றைக்குத்தான் கண்டேன். மறுநாள், புள்ளி எழுதுவதற்கென்று முதலிலேயே ஓர் இடத்தை ஒதுக்கி வைத்துச் சரிக்கட்டினார்.

பெட்டியைக் கிண்ணியா ஊர்ப் படகுக்காரர் ஒருவரின் படகில் ஏற்றினோம். நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். ஐந்து நாளும் உறையவேயில்லை! சேர் எல்லோருக்கும் தின்ன ரோல்ஸ் வாங்கித் தந்தார். அண்ணன் மட்டும் செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். எழுதின வரிகள் தினமும் மத்தியானம் புதிதாகத் தொடங்குகின்றனவாம். விசாரித்தால், போகிற வழியெல்லாம் எழுதி வைக்கும் பெட்டி என்று யாரோ நானாவிடம் சொல்லியிருக்கிறார்கள். தான் மீன் பிடிக்கிற இடத்தை ஊருக்குக் காட்டிக் கொடுக்கப் போகிறது என்று பயந்து, வலை போடும்போதெல்லாம் மனிதர் பெட்டியை நிறுத்தியிருக்கிறார். நிறுத்தி நிறுத்திப் போட்டால் நினைவகம் எப்படி நிறையும்?

புள்ளி கடலை எழுதாது என்று அண்ணன் மன்றாடிப் பார்த்தார். நானா மசியவில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. அண்ணன் கூடப் போகலாம், பெட்டியும் ஓடலாம். ஆனால் படகு எங்கே நிற்கிறது என்று அண்ணன் எட்டிப் பார்க்கக் கூடாது. அப்படித்தான் அவர் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு, பெட்டிக்கு முன்னால் ஐந்து நாள் குந்தியிருந்தார். கரைக்கு வந்ததும் நானா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உங்கட ஆள் கடல் ஒத்துக்காம சத்தி எடுத்தாலும் மணி பாத்து எழுதுறாரு தங்கச்சி. ஆளுக்கு சுகம்தானே?"

கடலில் மூன்றாம் நாளே பெட்டி உறைந்திருந்தது. அண்ணன் ஒரு கட்டு வரிகளோடு வந்தார், முகம் வாடி, மெலிந்து. சேர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆர்ர பிழை?"

அண்ணன் சேரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இடம் பிடிச்சிட்டன் சேர், நாளைக்குச் சரிவரும். ஆளைச் சொல்ல ஏலாது. புள்ளி ஆளின்ர பேர் எழுதாது."

சேருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. ஆனால் அவர் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் கலைந்து போனோம். பின்னேரம் என் மேசைக்கு வந்து, என் நிரலில் ஓர் இடத்தைக் காட்டி, ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

"ஏன் அண்ணா?"

"சும்மா, வடிவுக்கு."

சேர்த்தேன். அதற்குப் பிறகு பெட்டி உறையவில்லை. என் வேலையும் நிரந்தரமானது.

நாலு வருடம் கழித்து, வேறோர் அலுவலகத்தில், நானே முதன்முதலாக ஒரு புள்ளியை எழுப்பிப் பார்த்தேன். திரையில் வரிகள் ஓடின. ஒவ்வொரு வரியிலும் முதல் சொல், நினைவகம் கேட்ட நிரலின் பெயர். எங்கள் பெட்டியில் திரை நிரல் என்றால் அது நான்தான். கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். பெயரைத்தான் அது முதலில் எழுதுகிறது. அந்த மனிதர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய்யை எனக்காகச் சொல்லியிருக்கிறார்.